நாற்காலிகள் 27, வேலை எத்தனை? ஐரோப்பிய ஆணையம் இலாகா பிரிக்கும் வழிகள்

2004 இலையுதிர் காலம். ஐரோப்பிய நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன்னால் ஹங்கேரியின் லாஸ்லோ கோவாச் வந்து உட்கார்ந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாகக் குழுவான ஐரோப்பிய ஆணையத்தில் அவருக்குக் குறிக்கப்பட்டிருந்த இலாகா எரிசக்தி. அன்றைய விசாரணையில் அவர் சொன்ன பதில்கள் உறுப்பினர்களுக்குத் திருப்தி தரவில்லை. இன்னொரு பக்கம், வரித் துறைக்குக் குறிக்கப்பட்டிருந்த லாட்வியாவின் இங்க்ரிடா உட்ரே போட்டியிலிருந்தே விலக்கிக்கொள்ளப்பட்டார். லாட்வியா அவருக்குப் பதிலாக ஆண்ட்ரிஸ் பியபால்க்ஸை அனுப்பியது. ஆணையத் தலைவராக வரவிருந்த பரோசோ என்ன செய்தார்? கோவாச்சுக்கு வரித் துறை, புதிதாக வந்த பியபால்க்ஸுக்கு எரிசக்தி. எரிசக்தியில் தடுமாறியவர் சில வாரங்களில் கண்டத்தின் வரிக்கொள்கைக்குப் பொறுப்பாளர் ஆனார்.

ஆள் மாறினார், இலாகா மாறியது. ஹங்கேரிக்கு ஒன்று, லாட்வியாவுக்கு ஒன்று என்ற கணக்கு மட்டும் மாறவில்லை. பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஒரு நிர்வாகக் குழுவில் இலாகாக்களை எப்படிப் பிரிப்பது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சம்பவம்தான் நினைவுக்கு வரும். முதலில் நாற்காலி, அப்புறம் வேலை என்ற வரிசை அதில் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. அந்த வரிசையை மாற்ற முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

இதை இப்போது கேட்கக் காரணம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்று 27 நாடுகள். வாசலில் 9 நாடுகள் அதிகாரபூர்வ வேட்பாளர்களாகக் காத்திருக்கின்றன. மேற்கு பால்கன் நாடுகளும் உக்ரைனும் மால்டோவாவும் உள்ளே வந்தால் ஆணையர்களின் எண்ணிக்கை 35ஐ நெருங்கும். 1958இல் ஹால்ஸ்டைன் தலைமையில் தொடங்கிய முதல் ஆணையத்தில் இருந்தவர்கள் 9 பேர். பெரிய நாடுகளுக்கு இரண்டு, சிறிய நாடுகளுக்கு ஒன்று என்ற கணக்கில் 1995இல் அது 20 ஆனது. 2004இல் பெரிய நாடுகள் தங்கள் இரண்டாவது இடத்தை விட்டுக்கொடுத்த பிறகும், நாடுகள் பெருகியதால் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் வந்தது.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால், இலாகா என்றால் அங்கே என்ன என்று பார்த்துவிடலாம். பசையுள்ள இலாகா, பேருக்கு ஒரு இலாகா என்று நம் ஊரில் பிரித்துப் பேசுவோமே, அந்தப் பேதம் ஆணையம் இயங்கும் பிரஸ்ஸல்ஸிலும் உண்டு. ஆனால் அதன் அளவுகோல் வேறு. சில துறைகளில் அதிகாரம் முழுக்க ஒன்றியத்தின் கையில் இருக்கிறது. அந்தத் துறைகளின் ஆணையர் பேசினால் எல்லா நாடுகளும் பேசியதாக அர்த்தம். வர்த்தகம் அப்படிப்பட்டது. 2001 நவம்பரில் தோகாவில் உலக வர்த்தக அமைப்பின் மாநாடு நடந்தபோது, இந்தியாவுக்காகக் கடைசி நிமிடம் வரை விட்டுக்கொடுக்காமல் வாதாடியவர் வர்த்தக அமைச்சர் முரசொலி மாறன். எதிர்த் தரப்பில் பிரான்ஸுக்கு ஒருவர், ஜெர்மனிக்கு ஒருவர் என்று தனித்தனியாகப் பேரம் பேசவில்லை. அன்றைய 15 நாடுகளுக்கும் சேர்த்துப் பேசியவர் பாஸ்கல் லாமி என்ற ஒரே ஆணையர். ஒரு இலாகாவின் கனம் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. திருப்பூர்ப் பின்னலாடைக்கு ஐரோப்பாவில் எவ்வளவு வரி என்ற பேச்சும் இன்று அந்த நாற்காலியோடுதான் நடக்க வேண்டும்.

தொழில் போட்டித் துறையும் அப்படித்தான். 2018இல் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு 434 கோடி யூரோ அபராதம் விதிக்க எந்த நாட்டு அமைச்சரின் கையெழுத்தும் தேவைப்படவில்லை. வேளாண்மையின் கனம் பணத்தில் இருக்கிறது. 2021 முதல் 2027 வரையிலான ஏழாண்டு வரவுசெலவுத் திட்டத்தில் பொது வேளாண் கொள்கைக்கு மட்டும் சுமார் 38,700 கோடி யூரோ. மொத்தத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. கல்வியும் பண்பாடும் சுகாதாரமும் வேறு மாதிரி. அவற்றில் முக்கிய அதிகாரம் உறுப்பு நாடுகளிடமே இருக்கிறது, ஆணையர் ஊக்கம் தரலாம், ஒருங்கிணைக்கலாம், அவ்வளவுதான்.

சின்ன இலாகா என்று பெயர் வாங்கியது சின்னதாகவே இருக்கும் என்றும் இல்லை. மீன்வளத்தைப் பிரஸ்ஸல்ஸில் யாரும் முதல் வரிசையில் வைப்பதில்லை. ஆனால் 2014 அக்டோபரில், முறையற்ற மீன்பிடிப்பைத் தடுக்க இலங்கை போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று சொல்லி அந்நாட்டு மீன்களுக்குத் தடையை முன்மொழிந்தது அந்தத் துறைதான். அப்போது ஆணையர் கிரீஸின் மரியா டமனாகி. 2015 ஜனவரியில் தடை நடைமுறைக்கு வந்தது. 2016இல், மால்டாவின் கார்மெனு வெல்லா பொறுப்பில் இருந்தபோது, நீங்கியது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டு சூரையும் கொப்பரனும் ஏற்றுமதி செய்தவர்களுக்கு பிரஸ்ஸல்ஸின் மிகப் பெரிய இலாகா மீன்வளம்தான். இலாகாவை யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பது உள்வீட்டுச் சமாச்சாரம் மட்டும் இல்லை என்று நான் நினைக்கக் காரணம் இது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

இப்போது நடப்பது முதல் வழி: நாட்டுக்கு ஒருவர், ஒருவருக்கு ஒரு இலாகா. நாடுகள் கூடினால் இலாகாவை வெட்டிக் கூட்ட வேண்டும். 2007இல் பல்கேரியாவும் ருமேனியாவும் சேர்ந்தபோது இது எப்படி நடந்தது என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். சுகாதாரமும் நுகர்வோர் பாதுகாப்பும் சைப்ரஸின் கிப்ரியானுவிடம் ஒன்றாக இருந்தன. அதிலிருந்து நுகர்வோரைப் பிரித்து பல்கேரியாவின் மெக்லேனா குனேவாவிடம் கொடுத்தார்கள். ருமேனியாவின் லியோனார்ட் ஓர்பானுக்காகப் பன்மொழிக் கொள்கை என்று ஒரு தனி இலாகா பிறந்தது. மொழிக்கென்றே ஒரு ஆணையர் என்று கேட்டால் தமிழ் வாசகருக்குப் பிடிக்கத்தான் செய்யும், எனக்கும் பிடிக்கும். அந்த ஆண்டுதான் ஒன்றியத்தின் ஆட்சி மொழிகள் 23 ஆயின, வேலையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இலாகா 2010இல் மறுபடி கல்வியோடு சேர்ந்துவிட்டது. 2014 ஆணையத்தில் எந்த ஆணையரின் பதவிப் பெயரிலும் அது இல்லை. மொழி முக்கியம் என்பதால் பிறந்த இலாகாவாக இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் கரைந்திருக்காது. ஒருவருக்கு வேலை வேண்டும் என்பதற்காகப் பிறந்தது, அந்தத் தேவை முடிந்ததும் போய்விட்டது.

வெட்டுவதில் இன்னொரு சங்கடம், ஒரே விஷயம் பல மேஜைகளில் கிடப்பது. பூச்சிக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்தை அனுமதிப்பது என்பது சுகாதாரத் துறையின் பொறுப்பு. அதைத் தெளிக்கும் விவசாயிக்கு மானியம் போவது வேளாண் துறை வழியாக. அது ஆற்றில் கலந்தால் சுற்றுச்சூழல் துறையின் கவலை. மூன்று மேஜைகள், மூன்று ஆணையர்கள், மூன்று நாடுகள். நல்லெண்ணம் உள்ளவர்கள்கூட முதல் ஆறு மாதத்தை யார் எதை எழுதுவது என்று பேசித் தீர்ப்பதிலேயே செலவழிக்க வேண்டிவரும்.

இந்த வழிக்கு ஒரு பெரிய நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆணையர்கள் யாரும் சொந்த நாட்டுக்காகப் பேச வந்தவர்கள் அல்லர். லக்சம்பர்க்கில் உள்ள நீதிமன்றத்தில், எந்த அரசிடமிருந்தும் உத்தரவு வாங்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுக்கிறார்கள். அப்படியிருந்தும் அந்த அறையில் நம் நாட்டை அறிந்த ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை மக்களுக்கு வேண்டியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. மால்டாவின் வாக்கும் ஜெர்மனியின் வாக்கும் அங்கே சமம்.

அந்த நம்பிக்கையில் கை வைத்ததால்தான் இரண்டாவது வழி, சுழற்சி முறை, காகிதத்தோடு நின்றுபோனது. ஒன்றியத்தின் அடிப்படை விதிகளைச் சொல்லும் லிஸ்பன் ஒப்பந்தம் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது: 2014 நவம்பர் முதல் ஆணையர்களின் எண்ணிக்கை உறுப்பு நாடுகளின் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு. 27 நாடு என்றால் 18 ஆணையர். 18 பேருக்கு 18 உருப்படியான இலாகாக்களைத் தேடுவது கஷ்டமில்லை. வேலையின் கண்ணோட்டத்தில் மட்டும் பார்த்தால் இதைவிடச் சுத்தமான வழி கிடையாது.

2008 ஜூனில் அயர்லாந்து மக்கள் அந்த ஒப்பந்தத்தை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். நடுநிலைமை, வரி என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, தங்கள் ஆணையர் போய்விடுவார் என்ற பயம். ஒவ்வொரு நாடும் பதினைந்து ஆண்டுக்கு ஐந்து ஆண்டு வெளியே நிற்க வேண்டும் என்பது கணக்குப்படி சமம்தான். ஆனால் அந்த ஐந்து ஆண்டில் பெரிய நாட்டுக்கு வேறு பத்து வழிகளில் காரியம் நடக்கும், சின்ன நாட்டுக்கு அந்த ஒரு நாற்காலிதான் வழி. 2008 டிசம்பரில் எல்லா நாடுகளின் தலைவர்களும் கூடி, நாட்டுக்கு ஒருவர் என்பதையே தொடர்வோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். 2009 அக்டோபரில் அயர்லாந்து ஒப்புக்கொண்டது. 2013இல் அந்த வாக்கு முறையான முடிவாகவும் ஆனது. மூன்றில் இரண்டு என்ற வரி ஒப்பந்தத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது. எல்லாரும் ஒருமனதாக ஒத்துக்கொண்டு அதைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அயர்லாந்து மக்கள் கேட்டது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

மூன்றாவது வழி, படிநிலை. எல்லாருக்கும் நாற்காலி உண்டு, ஆனால் சில நாற்காலிகள் உயரம். இதற்குக் கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஆணையத் தலைவருக்கு இலாகா பிரிக்கும் அதிகாரமே இல்லை. ஆணையர்கள் கூடி, பேரம் பேசி முடிக்க வேண்டும். 1977 ஜனவரியில் ராய் ஜென்கின்ஸ் தலைமையேற்றபோது அந்தப் பேரம் இரவெல்லாம் நீண்டது. 1999இல் நடைமுறைக்கு வந்த ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தமும் 2003இல் வந்த நீஸ் ஒப்பந்தமும் அதிகாரத்தைத் தலைவர் பக்கம் நகர்த்தின. இன்று இலாகாவைப் பிரிப்பதும் இடையில் மாற்றுவதும் தலைவரின் உரிமை. நாடுகள் கேட்கலாம், கெஞ்சலாம், நெருக்கலாம். எழுதிக் கொடுப்பவர் தலைவர்.

2014இல் தலைவரான யுங்கர் இந்த உரிமையைத் துணிச்சலாகப் பயன்படுத்தினார். ஏழு துணைத் தலைவர்களை நியமித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய குறிக்கோளைக் கொடுத்து, அதன் கீழே மற்ற ஆணையர்களைக் குழுவாகச் சேர்த்தார். துணைத் தலைவர் ஒப்புக்கொள்ளாத முன்மொழிவு ஆணையத்தின் மேஜைக்கு வராது. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்தமாக ஒரு இயக்குநரகம் இல்லை. இயக்குநரகம் என்றால் கோப்புகளைத் தெரிந்த, சட்ட வரைவு எழுதத் தெரிந்த நூற்றுக்கணக்கான அதிகாரிகள். அவர்கள் கீழே இருந்த ஆணையரிடமே இருந்தார்கள். பொருளாதார விவகாரங்களில் லாட்வியாவின் டோம்ப்ரோவ்ஸ்கிஸ் மேலே, பிரான்ஸின் மொஸ்கோவிசி கீழே. பதவி ஒருவரிடம், ஆட்பலம் இன்னொருவரிடம். அன்றாட வேலையில் யாருடைய சொல் எடுபடும் என்பது அமைப்பைப் பொறுத்து இல்லாமல் அந்த இரண்டு பேரின் சுபாவத்தைப் பொறுத்ததாகிவிட்டது.

2019இல் அவருக்கு அடுத்துத் தலைவரான வான் டேர் லையன் இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தார். மூன்று நிர்வாகத் துணைத் தலைவர்களுக்கு ஒருங்கிணைக்கும் பொறுப்போடு ஆளுக்கு ஒரு இயக்குநரகத்தையும் கொடுத்தார். வெஸ்டாகருக்கு டிஜிட்டல் ஒருங்கிணைப்பும் தொழில் போட்டித் துறையும், டிம்மர்மான்ஸுக்குப் பசுமைத் திட்டமும் காலநிலைத் துறையும். இது யுங்கரின் ஏற்பாட்டைவிட நல்லது, சந்தேகமில்லை. 2024 டிசம்பரில் தொடங்கிய ஆணையத்தில் நிர்வாகத் துணைத் தலைவர்கள் ஆறு பேர். தலைவரையும் சேர்த்தால் ஏழு. மீதி இருபது பேர் கீழ்ப் படியில்.

இந்த வழியில் என்னை உறுத்துவது, உயர்ந்த நாற்காலிக்கு நடக்கும் இழுபறி. 2024 செப்டம்பரில் பிரான்ஸின் ஆணையர் தியரி பிரெதோன் பதவி விலகினார். தன் பெயரைத் திரும்பப் பெற்றால் அதிகச் செல்வாக்குள்ள இலாகா தருவதாக பிரான்ஸிடம் சொல்லப்பட்டது என்று அவர் கடிதத்தில் எழுதினார். பிரான்ஸ் செஜூர்னேவை அனுப்பியது, அவர் நிர்வாகத் துணைத் தலைவர் ஆனார். இலாகா ஒரு நாட்டின் சொத்து என்ற எண்ணம் வேரூன்றினால் படிநிலை முறை அதை இன்னும் ஆழமாக்கும். இதற்கு நேர் எதிராக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2020இல் அயர்லாந்தின் பில் ஹோகன் வர்த்தக ஆணையர் பதவியிலிருந்து விலகியபோது, வர்த்தகம் அயர்லாந்துக்கே திரும்பவில்லை. அது டோம்ப்ரோவ்ஸ்கிஸுக்குப் போனது. அயர்லாந்திலிருந்து புதிதாக வந்த மெகின்னஸுக்கு நிதிச் சேவைகள் கிடைத்தன. இலாகா நாட்டோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல முன்னுதாரணம்.

ஐரோப்பாவுக்கு வெளியே ஆப்பிரிக்க ஒன்றியம் வேறு மாதிரி யோசித்திருக்கிறது. 55 நாடுகள், ஆணையத்தில் மொத்தம் 8 பேர்: தலைவர், துணைத் தலைவர், 6 ஆணையர்கள். அங்கே இலாகா முதலில். ஆறு இலாகாக்களை முன்கூட்டியே வரையறுத்துவிட்டு, அதற்கு ஆள் தேடுகிறார்கள், தேர்தல் நடத்துகிறார்கள். இடங்கள் ஐந்து வட்டாரங்களுக்கு இடையில் பிரிகின்றன. தலைவரும் துணைத் தலைவரும் இரண்டு வட்டாரங்களிலிருந்து, ஆணையர்கள் மற்ற மூன்றிலிருந்து. கோவாச்சுக்கு நடந்தது இங்கே நடக்க வழியில்லை என்பது பெரிய லாபம். ஆனால் 2025 பிப்ரவரியில் அடிஸ் அபாபாவில் நடந்த தேர்தலில் ஆறில் நான்கு இடங்களைத்தான் நிரப்ப முடிந்தது. வட்டாரம், பாலினம், இலாகா என்று எல்லாக் கட்டங்களிலும் ஒருசேரப் பொருந்தும் ஆளைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமில்லை. அதோடு, அங்குள்ள ஆணையத்துக்கு ஐரோப்பிய ஆணையத்தைப் போல நாடுகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் கிடையாது. 47 நாடுகள் வெளியே நிற்பதைத் தாங்கிக்கொள்ள முடிவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. அதிகாரம் கூடக் கூட, அறைக்குள் இல்லாமல் இருப்பது கூடுதலாக வலிக்கும்.

இத்தனையையும் வைத்துப் பார்க்கும்போது என் மனம் போவது, யாரும் முழுசாக முயலாத ஒரு வழிக்கு. நாற்காலிகளின் எண்ணிக்கையும் இலாகாக்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. நாட்டுக்கு ஒருவர் இருக்கட்டும். இலாகாக்களை வேலை கேட்கும் அளவுக்கு, பதினெட்டோ இருபதோ, வரையறுத்துவிட்டு, கனமான இலாகாக்களில் இரண்டு பேரை அமர்த்தலாம். ஒருவர் முதன்மை, ஒருவர் இணை. இருவருக்கும் ஒரே இயக்குநரகம், இருவருக்கும் முழு வாக்கு.

இதன் சாயல் 2023 செப்டம்பரில் பிரான்ஸும் ஜெர்மனியும் அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கையில் இருக்கிறது. ஆணையரைக் குறைக்காவிட்டால் முதன்மை ஆணையர், ஆணையர் என்று பிரிக்கலாம் என்றது அது. முதன்மையானவர்களுக்கு மட்டும் வாக்கு என்பதையும் ஒரு சாத்தியமாகச் சொன்னது. அந்த இடத்தில் நான் உடன்பட மாட்டேன். வாக்கு இல்லாத ஆணையர் என்றால் நம் செய்தித்தாள்களில் வரும் ‘இலாகா இல்லாத அமைச்சர்’ போல ஆகிவிடுவார். அயர்லாந்து மக்கள் அதை ஏற்பார்கள் என்று நான் நம்பவில்லை.

இரண்டு பேர் ஒரு துறையில் இருந்தால் சண்டை வராதா? வரும். வெஸ்டாகரும் பிரெதோனும் டிஜிட்டல் விஷயங்களில் ஒரே பாதையில் நடந்தவர்கள் அல்லர். ஆனாலும் 2020 டிசம்பரில் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தையும் டிஜிட்டல் சேவைச் சட்டத்தையும் முன்வைக்க இருவரும் சேர்ந்தே மேடைக்கு வந்தார்கள். 2022இல் இரண்டும் சட்டமாகின. அவர்கள் இருவரும் வெவ்வேறு இயக்குநரகங்களின் பலத்தில் நின்றவர்கள். ஒரே இயக்குநரகத்தில், யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்து அமர்த்தினால் உரசல் அதைவிடக் குறையும் என்பது என் கணிப்பு. எழுதிக் கொடுக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு ஆணையருக்கும் தலைவர் பணிக் கடிதம் ஒன்று தருகிறார். எந்த இயக்குநரகம், என்ன இலக்கு, யாரோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும், பொதுவெளியிலும் கிடைக்கும். இணை ஆணையரின் கடிதத்தில் அவருக்கே உரிய இரண்டு மூன்று பொறுப்புகளைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். 2004 மே மாதம் புதிதாகச் சேர்ந்த பத்து நாடுகளின் ஆணையர்களை, தனி இலாகா இல்லாமல், பழைய ஆணையர்களோடு இணைத்து உட்கார வைத்தார்கள். அந்த அரையாண்டு ஏற்பாட்டில் குறை, அவர்களுக்கென்று எதுவும் எழுதப்படாததுதான்.

முதன்மை இடம் எப்போதும் பெரிய நாடுகளுக்கே போய்விடுமே என்ற பயம் நியாயமானது. அதற்கும் நடப்பு ஆணையத்திலேயே மறுப்பு இருக்கிறது. ஒன்றியத்தின் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கையாளும் வேளாண்மை இன்று லக்சம்பர்க்கின் கிறிஸ்டோஃப் ஹான்சனிடம் இருக்கிறது. ஏழு லட்சத்தைக்கூட எட்டாத மக்கள்தொகை கொண்ட நாடு அது. ஆனால் தலைவரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி விடக் கூடாது. ஒரு பதவிக்காலத்தில் இணையாக இருந்த நாடு அடுத்த பதவிக்காலத்தில் ஏதாவது ஒரு துறையில் முதன்மையாக வர வேண்டும் என்று விதி வைக்கலாம். பதவிக்காலத்தின் நடுவில் இடம் மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு சட்ட முன்மொழிவு எழுதி, நாடாளுமன்றத்திலும் அமைச்சர் மன்றத்திலும் நிறைவேற இரண்டு மூன்று ஆண்டு ஆகிறது. நடுவில் கை மாறினால் கோப்பு அனாதையாகும்.

சுழற்சி முறைக்கு எல்லா நாடுகளும் மனம் மாற வேண்டும். வாக்கைப் பறிப்பதென்றால் ஒப்பந்தத்தையே திருத்த வேண்டும், அதற்கு நாட்டுக்கு நாடு ஒப்புதல், சில இடங்களில் மக்கள் வாக்கெடுப்பு. இரண்டு பேரை ஒரு இலாகாவில் அமர்த்த இது எதுவும் வேண்டாம். இலாகா பிரிக்கும் அதிகாரம் தலைவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2029இல் அடுத்த ஆணையம் அமையும்போது புதிய தலைவர் மற்ற ஆணையர்கள் எல்லாருக்கும் பணிக் கடிதங்களை எழுதத்தான் போகிறார். அவற்றில் நான்கு ஜோடிக் கடிதங்களை ஒரே துறையின் பெயரில் எழுதிப் பார்க்கலாம். வர்த்தகம், வேளாண்மை, எரிசக்தி, உள்துறை என்று தொடங்கினால், 35 பேர் வரும் நாளில் புது இலாகாக்களைத் தேடி அலைய வேண்டியிருக்காது.